எண்ணிக்கையில் யார்?

'புனிதம்' என்றாலே நமக்குத் தீட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. யாரையாவது விலக்கி வைக்காமல் எது புனிதமாகியிருக்கிறது? யூதர்களின் 'கெஹில்லா கதோஷா' - புனிதச் சமூகம் - என்ற கருத்தாக்கத்தையும் இந்தச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டியிருக்கிறது. 'கதோஷ்' என்ற எபிரேயச் சொல்லுக்கே பிரித்து வைக்கப்பட்டது என்றொரு பொருள் உண்டு.

அமெரிக்க யூத இளைஞர் அமைப்புகளும் கோடை முகாம்களும் பதின்வயதுப் பிள்ளைகளிடம் வளர்க்க விரும்புவது இந்த உணர்வைத்தான். விஸ்கான்சினில் முதல் 'ராமா' முகாம் தொடங்கியது 1947இல். ஐரோப்பாவில் ஒரு யூத உலகமே அழிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவிலோ யூதர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்து வசதியான நடுத்தர வர்க்கமாகிக் கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வெறும் அமெரிக்கர்களாகக் கரைந்துவிடுவார்களோ என்று பெரியவர்களுக்குப் பதற்றம். போருக்குப் பிந்தைய முகாம்களை வடிவமைத்ததில் இப்பதற்றத்தின் பங்கைச் சாண்ட்ரா ஃபாக்ஸ் 'தி ஜூஸ் ஆஃப் சம்மர்' (2023) நூலில் விரிவாகக் காட்டுகிறார்.

ஏரிக்கரை, வெள்ளிக்கிழமை மாலை, வெள்ளை உடை, தோளோடு தோள் சேர்த்துப் பாட்டு. உடல் சிலிர்க்கத்தான் செய்யும். கூடியிருக்கும் கூட்டம் தன் சக்தியையே புனிதமாக உணர்கிறது என்று துர்க்கைம் 1912இலேயே சொல்லிவிட்டார். அவரும் ஒரு யூத மதகுருவின் மகன்தான். ஆனால் சிலிர்ப்பு சமூகமாகிவிடுமா? எந்தக் கூட்டத்துக்கும் சிலிர்ப்பு வரும். ஃபாசிஸ்டுகளின் அணிவகுப்புக்கும் வந்தது.

யூத மரபு புனிதத்தை வெறும் உணர்ச்சியாக விட்டுவைக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். லேவியராகமம் 19இல் பரிசுத்தமாயிருக்கும்படி வரும் கட்டளை பன்மையில், சபை முழுவதற்கும் சொல்லப்படுகிறது. அதைத் தொடர்ந்து வருபவை என்ன? வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டு வைப்பது, கூலியை மறுநாள் வரை பிடித்து வைக்காமலிருப்பது, அந்நியனை நேசிப்பது. இருவகை நூல் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்பதும் அங்கேயேதான் இருக்கிறது. பிரிப்பதும் சேர்ப்பதும் ஒரே பிரதிக்குள்! எதை அழுத்தி வாசிக்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

'மின்யான்' என்ற ஏற்பாட்டைப் பாருங்கள். பத்துப் பேர் கூடாமல் சில பிரார்த்தனைகளைச் சொல்ல முடியாது; இறந்தவருக்காகச் சொல்லும் 'கதீஷ்' உட்பட. 13 வயதானவன் அந்தப் பத்தில் ஒருவன். ஒன்பது பெரிய மனுஷங்க இருந்தாலும் அந்தப் பையனுக்காகக் காத்துக்கிட்டுதான் இருக்கணும். 'நீ எவ்வளவு உயர்ந்தவன்' என்று அவனைப் புகழ்வதில்லை இது. நீ வரலேன்னா இவர் தன் அப்பாவுக்குக் கதீஷ் சொல்ல முடியாது, அவ்வளவுதான். பதின்வயதுக்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எது?

'பையன்' என்றேன். பெண்? 1922இல் நியூயார்க்கில் 12 வயது ஜூடித் கப்லன் சபை முன்னால் வாசித்தபோது, தோரா சுருளிலிருந்து தள்ளி நின்று, அச்சுப் புத்தகத்திலிருந்துதான் வாசித்தார். கன்சர்வேடிவ் பிரிவு பெண்களையும் மின்யானில் எண்ணலாம் என்று ஏற்க 1973 ஆயிற்று. வைதிகப் பிரிவினர் இன்றும் எண்ணுவதில்லை.

இந்த 'எண்ணிக்கையில் யார்?' என்ற கேள்வி சபைச் சுவருக்குள் நிற்கவில்லை. 2014 காஸா போரின்போது உருவான 'இஃப் நாட் நவ்' இயக்கத்து இளைஞர்கள் பலர் யூதப் பள்ளிகளிலும் முகாம்களிலும் வளர்ந்தவர்கள். பிறகு, ஆக்கிரமிப்பைப் பற்றி எங்களுக்கு நீங்க சொல்லவேயில்லையே என்று அதே நிறுவனங்களைக் கேட்டார்கள். சமூகத்தை உதறிவிட்டுக் கேட்கவில்லை. அது கற்றுக்கொடுத்த மொழியிலேயே கேட்டார்கள். 2014இல் அவர்கள் தெருவில் நின்று கதீஷ் சொன்னார்கள், கொல்லப்பட்ட இஸ்ரேலியர்களுக்கும் பாலஸ்தீனியர்களுக்கும் சேர்த்து.

பெரியவர்களில் சிலருக்கு அது துரோகமாகத் தெரியலாம். வேலிக்கு வெளியே செத்தவரையும் தன் துக்கக் கணக்கில் சேர்க்கப் பிள்ளை கற்றுக்கொண்டால், அந்தப் புனிதச் சமூகம் தோற்கவில்லை, வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.