சங்கதி போடாதவருக்கு மார்க் எங்கே?

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் நாட்டுப்புறச் சுற்று வந்தாலே நடுவர் மேசையிலிருந்து அதே தீர்ப்பு வரும்: “நல்லா பாடினீங்க, ஆனா இன்னும் கொஞ்சம் ஏதாவது பண்ணியிருக்கலாம்.” இந்த சீசனில் அதை அதிகம் வாங்கிய போட்டியாளர் யார் என்று தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். தாலாட்டை எடுத்தால் தாலாட்டாகவே பாடி முடிக்கிறார். மேல் ஸ்தாயிக்கு ஓடுவதில்லை, சரணத்தில் குரலை வேகமாக உருட்டும் பிருகாவைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. பயந்து பாடுகிறார் என்கிறார்கள். நான் முழு மனதோடு அவர் பக்கம். சங்கதி (ஒரே வரியை மெட்டை விரித்து மாற்றி மாற்றிப் பாடுவது) போட இடமும் குரலும் இருந்தும் போடாமல் விடுவதைவிடத் துணிச்சலான முடிவு இந்த மேடையில் வேறில்லை.

தாலாட்டு சில ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றி வரும். மெட்டு மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால்தான் பிள்ளை தூங்குகிறது. நடுவில் திடீரென்று ஒரு சங்கதி விழுந்தால் பாட்டின் வேலையே கெட்டுவிடும். தெருக்கூத்தில் உச்சக் குரல் எடுப்பது திறந்தவெளியில் கடைசி ஆள் வரை கேட்க வேண்டும் என்பதற்காக. சாவு வீடுகளில் வளர்ந்த வடசென்னை கானாவுக்குச் சொல்லை வெட்டிப் போடும் விதம்தான் உயிர். கீர்த்தனையில் ஒரே வரிக்குச் சங்கதி மேல் சங்கதி அடுக்குவதோ அந்த வடிவமே கேட்கும் வளர்ச்சி. நம் நடுவர்கள் இந்தக் கடைசி அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அளக்கிறார்கள்.

வெவ்வேறு வகைத் திறமைகளை ஒரே பட்டியலில் நேர்மையாக வைக்க முடியாது என்று சொல்பவர்கள் டெகாத்லானைப் பார்க்கட்டும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்து ஓட்டமும் தாண்டலும் எறிதலுமாகப் பத்துப் போட்டிகள் ஒரே மொத்தப் புள்ளியில் சேருகின்றன. இன்றைய அட்டவணைப்படி நீளம் தாண்டுதலில் 7.76 மீட்டர் தாண்டினால் 1,000 புள்ளி. குண்டு எறிதலில் அதே 1,000 புள்ளிக்கு 18.40 மீட்டர் எறிய வேண்டும். குண்டு ஏன் ஓடவில்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் தனி வாய்பாடு. அந்தந்தப் போட்டியில் எவ்வளவு சிறப்பு என்பதுதான் புள்ளியாக மாறுகிறது. பாட்டுக்கும் இதுவே பொருந்தும். தாலாட்டை முதலில் நல்ல தாலாட்டுகளோடு ஒப்பிடுங்கள், கானாவைக் கானாவோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகு பட்டியல் போடுங்கள்.

கடினமான பாட்டுக்குக் கூடுதல் மதிப்பு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. வேண்டும். நீரில் பாயும் டைவிங் போட்டியில் கடினத்துக்கென்று தனி எண் உண்டு. ஆனால் பாய்ந்த விதத்துக்கு நடுவர்கள் தந்த மார்க்கோடு அது பெருக்கப்படுகிறது. கடினமானதை எடுத்துச் சொதப்பினால் அந்த எண் காப்பாற்றாது. தவிர, பிருகா மட்டும்தான் கடினமா? நிதானமான காலத்தில் ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும்போது சுருதி இம்மி விலகினாலும் அப்பட்டமாகத் தெரியும். வேகமான பிருகாவில் அதே பிசகு ஓடி மறைந்துவிடும். எல்லா வகையும் பாடத் தெரிந்தவரைத் தேடும் போட்டிதானே என்று இன்னொரு வாதம். சரி, அதைச் சுற்றுக்குச் சுற்று சோதித்து மொத்தத்தில் பாருங்கள். ஒரே பாட்டுக்குள் எல்லா வித்தையும் காட்டச் சொல்வது சோதனை ஆகாது. எல்லா வகையும் நடுவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பவர்களுக்கும் பதில் எளிது: கூத்துப் பாடல் சுற்றுக்குக் கூத்துக் கலைஞர் ஒருவரை நடுவராக உட்கார வையுங்கள்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். அடுத்த ஓரிரு சுற்றுகளில் இவர் பட்டியலின் அடிப்பகுதியில்தான் இருப்பார். எலிமினேஷன் நாற்காலி வரைகூடப் போவார். ஆனால் அரையிறுதியில் ஆர்க்கெஸ்ட்ரா பெரிதாகி எல்லோரும் உச்ச ஸ்தாயியைத் தேடும்போது, களைத்த குரல்கள் விரிசல் விடும். இவர் குரலை வீணடிக்கவில்லை. சுருதியில் பிடியும் உண்டு. இறுதிச் சுற்றுக்கு வருவார். பட்டம் நடுவர் மார்க்கால் முடிவானால் இரண்டாம் இடம், மக்கள் வாக்கால் முடிவானால் முதலிடம். அடுத்த சீசனில் தாலாட்டைச் சங்கதி சேர்க்காமல் பாட நாலு பேர் முன்வருவார்கள். அப்போதாவது மார்க் அட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும்.