நம்பிக்கையும் நிச்சயமும்: 'ப்ளேக்ஸ் செவன்' பற்றி

'ஸ்பேஸ் ஆபரா' என்ற பெயர் ஒரு வசையாகப் பிறந்தது. மலிவான விண்கலக் கதைகளை இகழ்வதற்காக வில்ஸன் டக்கர் என்ற அமெரிக்கர் 1941ல் இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டார். சோப்புக் கம்பெனிகளின் தயவில் ரேடியோவில் ஓடிய குடும்பக் கண்ணீர்க் கதைகளுக்கு 'சோப் ஆபரா' என்ற பெயர் அப்போதே இருந்தது. குதிரையும் துப்பாக்கியுமான படங்களுக்கு 'ஹார்ஸ் ஆபரா' என்று பெயர். இது அந்த வரிசையில் வந்து சேர்ந்தது. பிறகு வசையே வகையின் பெயராகி நிலைத்துவிட்டது. இலக்கிய அக்கறை உள்ளவர்கள் இந்த வகையைத் தொடாமலிருக்க இந்தப் பெயரே போதுமான சாக்கு. தொடுகிறவர்களோ பெரும்பாலும் சிறு வயதில் பார்த்தவர்கள். அவர்கள் எழுதுவது தங்கள் பால்யத்தைப் பற்றித்தான். ஒதுக்குகிறவர்களிடமிருந்தும் விமர்சனம் கிடைப்பதில்லை, உருகுகிறவர்களிடமிருந்தும் கிடைப்பதில்லை.

பி.பி.ஸி.யின் 'ப்ளேக்ஸ் செவன்' தொடரை, அது முடிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். 1978 ஜனவரி 2 முதல் 1981 டிசம்பர் 21 வரை, நான்கு வருஷங்களில், வருஷத்துக்குப் பதின்மூன்றாக ஐம்பத்திரண்டு பகுதிகள். உருவாக்கியவர் டெர்ரி நேஷன். 'டாக்டர் ஹூ' தொடருக்கு 'டாலெக்' என்னும் உலோகப் பிசாசுகளைத் தந்தவர். முதல் வருஷத்தின் பதின்மூன்றையும் அவரே எழுதினார். பிரதிகளைச் செப்பனிட்டவர் க்ரிஸ் பௌச்சர். நான்கு வருஷமும் இருந்தவர். நேஷன் மெல்ல விலகிப் போக, தொடர் கொஞ்சம் கொஞ்சமாக பௌச்சருடையதாகிறது. என் கணிப்பில், இதன் நல்ல பகுதிகளில் பெரும்பாலானவை அவருடையவை.

முதலில் இதன் ஏழ்மையைப் பேசித் தீர்த்துவிடலாம். சுவர்கள் அட்டை என்பது தெரிகிறது. கிரகங்கள் எல்லாம் இங்கிலாந்தின் கல்குவாரிகள். உட்காட்சிகள் வீடியோ டேப்பிலும் வெளிக்காட்சிகள் ஃபிலிமிலும் எடுக்கப்பட்டிருப்பதால், ஒரு பாத்திரம் கதவைத் திறந்து வெளியே போனால் வெளிச்சத்தின் குணமே மாறிவிடுகிறது. அன்றைய பார்வையாளன் இதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். இன்று புதிதாகப் பார்ப்பவனுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவனை வியக்கவைக்கும் சக்தியை இந்தத் தந்திரக் காட்சிகள் முற்றாக இழந்துவிட்டன. அதனால் அவற்றை எதிர்பார்த்து அவன் ஏமாறுவதும் இல்லை. மிஞ்சுவது வசனமும், நாடக மேடையில் பழகிய நடிகர்களின் குரலும், ஒரு அறைக்குள் அடைபட்ட சில மனிதர்களும். இந்த மூன்றும் தேறுகின்றனவா என்பதுதான் கேள்வி. தேறுகின்றன.

இந்த வகையில் பரவலாக அறியப்பட்ட தொடர் அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்'. 1966லிருந்து 1969வரை எழுபத்தொன்பது பகுதிகள் வந்தன. அதில் 'ஃபெடரேஷன்' என்பது நல்லவர்களின் கூட்டாட்சி. வாரத்துக்கு ஒரு சிக்கல், ஐம்பது நிமிஷத்தில் தீர்வு, அடுத்த வாரம் காப்டன் கீறல்கூட இல்லாமல் அதே நாற்காலியில். 'ப்ளேக்ஸ் செவ'னிலும் ஆட்சிக்குப் பெயர் 'ஃபெடரேஷன்'தான். ஆனால் குடிதண்ணீரிலும் உணவிலும் மருந்து கலந்து மக்களை மந்தமாக வைத்திருக்கும் ஆட்சி அது. பெயரை எடுத்துக்கொண்டு பொருளைத் தலைகீழாக்கியதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஆனால் முக்கியமான மாறுதல் வேறு. இங்கே எதுவும் அடுத்த வாரத்துக்குள் துடைக்கப்படுவதில்லை. செத்தவர்கள் செத்தவர்களாகவே இருக்கிறார்கள். தோல்வி ஞாபகமிருக்கிறது.

ஞாபகத்தில்தான் தொடர் ஆரம்பமாகிறது. கவிந்த கூரைக்குள் இருக்கும் ஒரு நகரத்தில் ப்ளேக் என்பவன் சாதாரணக் குடிமகனாக வாழ்கிறான். அவன் முன்பு ஒரு எதிர்ப்பு இயக்கத்தின் தலைவனாக இருந்தவன். பிடித்து, ஞாபகத்தைத் துடைத்து, பகிரங்கமாகத் தன் கொள்கையை மறுக்கவைத்து, விட்டுவிட்டார்கள். தொலைவிலிருக்கும் சகோதரனும் சகோதரியும் அனுப்புவதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கும் செய்திகள் போலி. அவர்கள் கொல்லப்பட்டுப் பல நாளாயிற்று. இது தெரியவந்த அன்றே, தன்னிடம் இதைச் சொன்னவர்கள் சுட்டுத் தள்ளப்படுவதையும் அவன் பார்க்கிறான். அரசாங்கம் அவன்மீது சுமத்துவது ராஜத்துரோகக் குற்றம் அல்ல. குழந்தைகளிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகக் குற்றம். சாட்சி சொல்லும் குழந்தைகளின் மனத்தில் அந்த ஞாபகங்களைப் பதித்துவிடுகிறார்கள். குழந்தைகள் பொய் சொல்லவில்லை. புரட்சிக்காரனைத் தியாகியாக்காமல் ஒழிக்கும் வழியை அறிந்த அதிகாரம் இது. விஷயத்தைக் கண்டுபிடித்துவிடும் வக்கீலும் அவர் மனைவியும் பகுதி முடியுமுன் பிணமாகிறார்கள். ஒரு சாகஸத் தொடரின் முதல் ஐம்பது நிமிஷத்தில் சாகஸம் என்று சொல்ல எதுவும் இல்லை.

தண்டனைக் கிரகத்துக்குப் போகும் கப்பலில் ப்ளேக்குடன் சேருகிறவர்கள் திருடர்கள், கடத்தல்காரர்கள். அவர்களில் ஏவன் முக்கியமானவன். கம்ப்யூட்டர் நிபுணன், ஃபெடரேஷனின் வங்கி அமைப்பையே ஏமாற்றப் பார்த்துப் பிடிபட்டவன். ஏன் பிடிபட்டாய் என்று கேட்டால், மற்றவர்களை நம்பினேன் என்கிறான். வங்கியில் உட்கார்ந்து ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்கும் வேலையில் வருஷங்களைக் கழிக்கும் எனக்கு, ஏவனின் மனம் புரியாத ஒன்றல்ல. சரிபார்க்காத எதையும் அவன் ஒப்புக்கொள்வதில்லை. ப்ளேக் எதையும் சரிபார்ப்பதில்லை, நம்பிவிட்டுச் செயல்படுகிறான். கைவிடப்பட்ட 'லிபரேட்டர்' என்ற வேற்றுக் கப்பல் இவர்கள் கையில் சிக்கியபின், இந்த இருவரின் வாக்குவாதமே தொடராகிறது.

இந்த வாக்குவாதத்தை லட்சியவாதிக்கும் சுயநலக்காரனுக்கும் இடையே என்று படித்தால் ஏமாந்துபோவோம். தொடர் அப்படித்தான் ஆரம்பிக்கிறது; போகப்போக வேறு ஒன்றைக் கண்டுபிடிக்கிறது. நம்பிக்கை ஒன்று, நிச்சயம் வேறொன்று. நிச்சயம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தவுடன் நம்பிக்கை தன் குணத்தை இழந்துவிடுகிறது. ப்ளேக்குக்கும் ஏவனுக்கும் நடப்பது இதுதான், வெவ்வேறு திசையிலிருந்து.

இரண்டாம் வருஷத்தில் நேஷன் எழுதிய 'ப்ரெஷர் பாயின்ட்' என்ற பகுதியில், ஆட்சியின் தலைமைக் கம்ப்யூட்டர் கேந்திரத்தைத் தகர்க்க ப்ளேக் பூமிக்கு வருகிறான். கண்ணிகளையெல்லாம் தாண்டி உள்ளே போய்க் கதவைத் திறந்தால் காலி அறை. முப்பது வருஷம் முன்பே கேந்திரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எதிர்ப்பாளர்கள் அடித்து மோதிக்கொள்ள ஒரு பொய் இலக்கை விட்டுவைத்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் கான் இறக்கிறான், கூட்டத்தில் மிகச் சாதாரணன், ப்ளேக்கைக் கேள்வி கேட்காமல் பின்தொடர்ந்தவன். அதிகாரத்தின் மையம் என்று நாம் நினைக்கும் இடத்தில் ஒன்றும் இருப்பதில்லை என்பதைச் சொல்லப் பெரிய நாவல்கள் பல பக்கங்களை எடுத்துக்கொண்டிருக்கின்றன. இங்கே ஒரு வெற்று ஸ்டூடியோத் தளமும், வெறிபிடித்ததுபோல் சுற்றிச்சுற்றி வரும் கரெத் தாமஸின் முகமும் போதுமானதாக இருக்கின்றன. செட் போடப் பணம் இல்லாதது இந்த ஒரு இடத்தில் தொடருக்குச் சாதகமாகிவிட்டது.

அதன்பின் ப்ளேக் மாறுகிறான். அந்த வருஷத்தின் கடைசிப் பகுதியான பௌச்சரின் 'ஸ்டார் ஒன்'னில் உண்மையான கேந்திரத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான். பல கிரகங்களின் தட்பவெப்பத்தையே அது நடத்துகிறது. அதை அழித்தால் எண்ணற்ற மக்கள் சாவார்கள். இவ்வளவு பேர் சாக வேண்டுமா என்று கேல்லி கேட்கிறாள். ஜெயித்தாக வேண்டும், நான் செய்தது சரி என்று எனக்கே நிச்சயமாகத் தெரிய அது ஒன்றுதான் வழி என்கிறான் ப்ளேக். காலி அறைக்குப் பின் அவனுக்கு நம்பிக்கை போதவில்லை, நிரூபணம் தேவைப்படுகிறது. அந்த நிரூபணத்துக்கு மற்றவர்கள் விலை கொடுக்க வேண்டும். ஒரு கதாநாயகனைத் தொடரே இவ்வளவு நிர்தாட்சண்யமாகப் பார்ப்பது இந்த வகையில் அபூர்வம்.

தாமஸ் இத்துடன் விலகிக்கொள்ள, மூன்றாம் வருஷத்திலிருந்து ஏவன் தலைமைக்கு வருகிறான். பெயரில் ப்ளேக், கதையில் ப்ளேக் இல்லை. நடிகர் விலகியதால் வந்த இந்த விபத்தை பௌச்சர் பொருளாக்கிக்கொண்டார். 'ரூமர்ஸ் ஆஃப் டெத்'தில், தனக்காகச் சித்திரவதைப்பட்டுச் செத்ததாக ஏவன் எண்ணியிருந்த பெண், அவனை வேவுபார்க்க அனுப்பப்பட்டவள் என்று தெரிகிறது. அவன் கணக்கில் சரிபார்க்காமல் விட்டிருந்த ஒரே பதிவு அதுதான். கடைசிக்கு இரண்டு வாரம் முன் ஒளிபரப்பான ராபர்ட் ஹோம்ஸின் 'ஆர்பிட்'டில், ஏவனும் வீலாவும் போகும் சிறு கலம் எடை கூடி மேலெழ முடியாமல் தவிக்கிறது. எல்லாவற்றையும் வெளியே எறிந்தும் இன்னும் எழுபது கிலோ குறைய வேண்டும். வீலாவின் எடை எழுபத்துமூன்று என்று ஓராக் என்ற கம்ப்யூட்டர் தகவல் சொல்கிறது. ஏவன் துப்பாக்கியோடு, ஆதரவான குரலில் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு வீலாவைத் தேடுகிறான். ஒரு இடுக்கில் ஒளிந்துகொண்டு வீலா சத்தமில்லாமல் அழுகிறான். நல்லவேளையாகக் கனத்தின் காரணம் வேறு பொருளில் இருப்பது தெரிந்துவிடுகிறது. இருவரும் பிழைக்கிறார்கள். ஆனால் உன்னோடு இருந்தால் பயமில்லை என்று சற்றுமுன் சொன்னவன் வீலா. பால் டாரோ, மைக்கேல் கீட்டிங் இருவரின் நடிப்பிலும் இந்தச் சில நிமிஷங்கள், ஐம்பத்திரண்டு பகுதிகளில் நான் பார்த்த மிகக் கொடூரமான நிமிஷங்கள். ஒரு துளி ரத்தம் இல்லை.

முடிவு பிரசித்தம். தெரிந்துகொண்டு பார்த்தும் அது என்னைத் தாக்கியது. காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. கௌடா ப்ரைம் என்ற கிரகத்தில் ப்ளேக், தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைப் பிடித்துக் கொடுக்கும் கூலியாளாக வேஷம் போட்டு, பிடிபட்டவர்களைச் சோதித்துத் தன் படைக்கு ஆள் எடுக்கிறான். யாரையும் நம்புவது தனக்குக் கஷ்டமாகிவிட்டது, அது தன் குறைதான் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். ஆர்லென் என்ற பெண்ணைச் சோதிக்கிறான், அவள் தேறுகிறாள். ஏவனின் கூட்டாளி டாரன்டையும் சோதிக்கிறான், அவனும் தேறுகிறான். ஆனால் நடந்தது சோதனை என்று தெரியாத டாரன்ட் தப்பி ஓடி, ப்ளேக் நம்மை விற்றுவிட்டான் என்று ஏவனிடம் சொல்கிறான். ஏவன் துப்பாக்கியை நீட்டி, எங்களைக் காட்டிக்கொடுத்தாயா என்று கேட்கிறான். உடனே, என்னைக் காட்டிக்கொடுத்தாயா என்கிறான். பன்மை ஒருமையாக மாறும் அந்த ஒரு இடத்தில், யாரையும் நம்பாதவன் என்று நாம் எண்ணியிருந்தவன் இத்தனை காலமும் ஒருவனை நம்பியே இருந்திருக்கிறான் என்பது வெளிவருகிறது. ப்ளேக் சொல்லும் பதில், இதையெல்லாம் ஏற்பாடு செய்தது நான்தான், உனக்காகக் காத்திருந்தேன் என்பது. முழு உண்மை. கேட்பவன் காதில் அது ஒப்புதல் வாக்குமூலம். ஏவன் சுடுகிறான். சோதனையில் தேறிய ஆர்லென், ஃபெடரேஷன் அதிகாரி என்பது அதற்குப் பிறகு தெரிகிறது. ஆக, சோதனை எதிரியை உள்ளே விட்டு நண்பனைக் கொன்றது. மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழ, பிணத்தின்மேல் கால் பரப்பி நிற்கும் ஏவன் துப்பாக்கியை உயர்த்திச் சிரிக்கிறான். திரை மறைந்தபின் வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு பி.பி.ஸி. இதை ஒளிபரப்பியது.

தொடர் முழுதும் இந்தத் தரத்தில் இருப்பதாகச் சொல்வது பொய்யாகும். ஐம்பத்திரண்டில் பாதிக்குமேல் வாரக் கெடுவுக்காக எழுதப்பட்டவை. பூச்சாண்டி வேஷங்களும் தற்செயல் தப்பித்தல்களும். பெண்கள் விஷயத்தில் இது பெரும் ஏமாற்றம். ஜென்னா விண்கலம் ஓட்டுவதில் கெட்டிக்காரி, கேல்லி கெரில்லாப் போராளி. இரண்டாம் வருஷத்துக்குள் இருவரும் ஆண்களை இறக்கிவிட்டு ஏற்றிக்கொள்ளும் பொத்தானை அழுத்துபவர்களாகிவிடுகிறார்கள். பென் ஸ்டீட் எழுதிய மூன்று பகுதிகள் பெண் என்பவள் வெல்லப்படக் காத்திருப்பவள் என்ற எண்ணத்தை எந்த லஜ்ஜையும் இல்லாமல் முன்வைப்பவை. ஜாக்குலின் பியர்ஸின் ஸெர்வலான், அதிகாரத்தைத் தன் உடம்பின் ருசியாகவே அனுபவிப்பவள், இந்த வறட்சியில் ஒரு விலக்கு. ஆனால் அவளும் வாராவாரம் நேரில் வந்து நிற்க வேண்டியிருப்பதால் பயங்கரம் தேய்ந்து வழக்கமாகிவிடுகிறது.

இதையெல்லாம் கழித்த பிறகும் ஒன்று நிற்கிறது. தொடர்கதை என்ற வடிவத்தை நாம் வியாபாரத்தின் வடிவமாக மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். அடுத்த வாரம் வரை வாசகனைக் கட்டிவைக்கும் கயிறு என்கிறோம். அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் சரிதான். ஆனால் நாள்பட்ட நம்பிக்கை எப்படி அரிக்கப்படுகிறது என்பதைச் சொல்ல நாள்பட்ட வடிவம் வேண்டியிருக்கிறது. ஏவனின் கடைசிக் கேள்விக்குக் கனம் வருவது, நான்கு வருஷமாக அவன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததால்தான். இரண்டு மணிநேரப் படத்திலோ ஒரு சிறுகதையிலோ அந்த மௌனத்துக்கு இடமில்லை. பணமில்லாத, தரத்தில் ஏறியிறங்கும் இந்தத் தொடரில் பௌச்சர் அதற்கு இடம் கண்டார். எங்கே கண்டார், எங்கே தவறவிட்டார் என்று பகுதி பகுதியாகப் பார்த்துச் சொல்வது விமர்சனத்தின் வேலை. வகையின் பெயரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது சோம்பல்.