திறந்த பின்புற ஹெட்போன்: அன்றாடப் பயன்பாடுகளில் ஒரு மதிப்பீடு

திறந்த பின்புற ஹெட்போன் என்பது, காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைக்கப்படாமல், கம்பிவலையோ துளையிட்ட தகடோ மட்டும் கொண்டு அமைந்த ஹெட்போன் வகையாகும். இசையை நுணுக்கமாகக் கேட்பவர்களிடையே இதற்கு உயர்ந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு பெரும்பாலும் அமைதியான அறைகளில் கேட்டு உருவானது. காரைக்கால் மாவட்டத்தின் கோட்டுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் சன்னல்கள் திறந்திருக்கும். மின்விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். அத்தகைய வீட்டில் இக்கருவி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமைப்பு

ஹெட்போனின் உள்ளே ஒரு மென்படலம் அதிர்ந்து ஒலியை எழுப்புகிறது. படலம் முன்னும் பின்னும் அசைவதால் அதன் இரு பக்கங்களிலும் ஒலி பிறக்கிறது. மூடிய வகையில் பின்பக்க ஒலி கிண்ணத்துக்குள் அடைபடுகிறது. அதன் ஒரு பகுதி உட்சுவரில் மோதித் திரும்பி முன்பக்க ஒலியுடன் கலக்கிறது. திறந்த வகையில் அது வெளியேறிவிடுகிறது. இதனால் ஒலி அடைபட்டது போலத் தோன்றாமல் இயல்பாகவும் சற்று அகன்றும் கேட்கிறது.

ஒலி வெளியே போகும் வழியே, வெளியோசை உள்ளே வரும் வழியும் ஆகும். அருகில் இருப்பவருக்கு இதில் ஓடும் பாட்டு கேட்கும். பாட்டுக் கேட்பவருக்கு வீட்டின் ஓசைகள் கேட்கும். இந்த வகையின் நிறை, குறை இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

வரலாறு

ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் வெளியிட்ட எச்டி 414 இவ்வகையின் முன்னோடியாகும். மஞ்சள் நிற நுரைத் திண்டு கொண்ட அந்த எளிய, எடை குறைந்த கருவி உலகெங்கும் பெருமளவில் விற்பனையானது. அதே நிறுவனம் 1997-இல் வெளியிட்ட எச்டி 600 இன்றும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இன்னொரு ஜெர்மன் நிறுவனமான பேயர்டைனமிக், டிடி 990 புரோ என்னும் திறந்த வகையையும் டிடி 770 புரோ என்னும் மூடிய வகையையும் ஒருசேர விற்கிறது. ஒன்று மற்றொன்றின் உயர்ந்த வடிவம் அன்று. இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்கு உரியவை என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இசை கேட்டல்

வாய்ப்பாட்டு, வீணை, வயலின், தம்புரா ஆகியவற்றைக் கேட்பதற்குத் திறந்த வகை மிகப் பொருத்தமானது. கமகத்தின் நெளிவும் ஒரு சுரம் தேய்ந்து அடங்கும் விதமும் தெளிவாகக் கேட்கும். இதற்கு மாறாக, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இவ்வகையின் பல மாதிரிகள் வலுக் குறைந்தவை. மிருதங்கத்தின் தொப்பி ஒலி தெளிவாக இருந்தாலும் இன்றைய திரைப்பாடல்களின் ஆழ்ந்த அதிர்வு மெலிந்தே வரும். கோயில் வீதியில் நின்று கேட்ட தவிலின் முழக்கம் உடலாலும் உணரப்படுவது. அதை எந்த ஹெட்போனிடமும் எதிர்பார்க்க இயலாது.

விளம்பரங்களில் பெரிதும் பேசப்படும் 'ஒலிவெளி' என்னும் சொல்லையும் அளந்தே ஏற்க வேண்டும். ஒலியின் அகலம் கருவியை மட்டும் சார்ந்ததன்று, பதிவையும் சார்ந்தது. பழைய கச்சேரிப் பதிவுகள் பல மோனோ முறையில் அமைந்தவை. அவற்றில் இரு காதுகளுக்கும் ஒரே ஒலிதான் செல்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஹெட்போனாலும் பாடகரை நடுவிலும் வயலின்காரரை ஒரு பக்கத்திலும் பிரித்து அமர்த்த முடியாது. பழைய பதிவுகளையே பெரும்பாலும் கேட்பவருக்குத் திறந்த வகையால் கிடைப்பது இயல்பான குரல் மட்டுமே. அகன்ற மேடை அன்று.

மின்விசிறியின் இரைச்சல்

கோட்டுச்சேரி வீடுகளில் ஆண்டின் பெரும்பகுதி மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. விசிறியின் இரைச்சல் திறந்த கிண்ணத்துக்குள் தடையின்றி நுழைகிறது. முதலில் மறைவது தம்புராவின் மெல்லிய ஒலியும் சுரங்களின் முடிவும்தான். அதாவது, எந்த நுணுக்கத்துக்காக இக்கருவி வாங்கப்பட்டதோ அதுவே முதலில் இழக்கப்படுகிறது. மார்கழியில் விசிறி ஓய்ந்தாலும் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். தெரு அடங்கிய பின்னிரவே இக்கருவிக்கு ஏற்ற நேரம்.

வகுப்பும் வீடும்

இணையவழி வகுப்பில் மூடிய ஹெட்போன் அணிந்து பேசுபவருக்குத் தம் குரல் அடைத்தாற்போல் கேட்கும். அதனால் தம்மை அறியாமல் உரக்கப் பேசுவார். திறந்த வகையில் தம் குரல் இயல்பாகவே கேட்பதால் இத்தொல்லை இல்லை. ஆனால் இவ்வகையில் பெரும்பாலும் மைக் இருப்பதில்லை. தனி மைக் வைத்தால், ஒலியளவு கூடும்போது கசியும் ஒலி அதற்குள் புகுந்து எதிர்முனையில் எதிரொலியாகக் கேட்கக்கூடும்.

வீட்டில் இருந்தபடி நெடுநேரம் பணி செய்பவர்களுக்கு இதன் திறப்பு ஒரு பாதுகாப்பு. குக்கர் விசில், வாசல் மணி, தொட்டிலில் இருக்கும் குழந்தையின் அழுகை, அடுத்த அறையில் படுத்திருக்கும் முதியவரின் அழைப்பு ஆகியவை காதில் விழும். நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் வீட்டில் வெளியோசையை முற்றிலும் அடைக்கும் கருவியைவிட இதுவே ஏற்றது. கடைகளின் விவரப் பட்டியலில் 'வெளியோசை தடுக்காது' என்று குறையாக எழுதப்படுவது, இங்கே நிறையாகிறது.

விடுதி, பயணம், பதிவு

திருவேட்டக்குடியில் உள்ள புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற கல்வி நிலையங்களின் மாணவர்கள் விடுதி அறையைப் பகிர்ந்து வாழ்கின்றனர். ஒருவர் நள்ளிரவில் திறந்த ஹெட்போனில் பாட்டுக் கேட்டால் அறைத்தோழரின் தூக்கம் கெடும். நூலகத்திலும் இதே நிலைதான். இங்கே ஒலித்தரத்தைவிடப் பிறர்க்குத் தொல்லை தராமை முதன்மை பெறுகிறது.

காரைக்காலில் இருந்து மயிலாடுதுறைக்கோ கும்பகோணத்துக்கோ செல்லும் பேருந்தில் இக்கருவி பயனற்றது. இன்ஜின் இரைச்சலும் ஹாரனும் பாட்டை விழுங்கிவிடும். பயணத்துக்கு மூடிய வகையோ காதுக்குள் பொருந்தும் இயர்போனோதான் ஏற்றவை. வெளியோசை கேட்பதால் சாலையில் நடக்கும்போது இதை அணியலாம் என்று சிலர் கூறுவதும் சரியன்று. காதில் ஓசை விழுந்தாலும் கவனம் பாட்டில் இருக்கும்.

பாடிப் பதிவு செய்பவர்கள் மூடிய வகையையே அணிய வேண்டும். திறந்த வகையில் கசியும் சுருதியும் தாளமும் மைக்கில் ஏறிவிடும். பதிவு முடிந்தபின் அதைத் திருத்தி ஒழுங்குபடுத்தும்போது திறந்த வகை உதவும்.

கூடுதல் செலவும் பராமரிப்பும்

எச்டி 600-இன் மின்மறுப்பு 300 ஓம். டிடி 990 புரோவின் பரவலான மாதிரி 250 ஓம். இவற்றைக் கைப்பேசியில் நேரடியாகச் செருகினால் பல நேரங்களில் போதிய ஒலி வராது; தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். பல புதிய கைப்பேசிகளில் ஹெட்போன் துளையே இல்லாததால் டைப்-சி மாற்றியும் வேண்டும். பிலிப்ஸ் எஸ்எச்பி 9500 போன்ற 32 ஓம் மாதிரிகள் கைப்பேசியிலேயே இயங்கும். வாங்குவதற்கு முன் மின்மறுப்பு, உணர்திறன் இரண்டையும் பார்த்து, துணைக்கருவிகளின் விலையையும் கூட்டிக் கணக்கிடுதல் நலம்.

கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் வியர்வையும் இக்கருவிக்குப் பகை. வலை வழியே தூசியும் ஈரமும் நுழையும். பயன்படுத்தியபின் உலர்ந்த துணியால் துடைத்து, மூடிய பெட்டியில் சிலிகா ஜெல் பையுடன் வைக்கலாம். வெல்வெட் போன்ற காதுத் திண்டுகள் வியர்வையை உறிஞ்சுவதால், கழற்றக்கூடியவற்றை அவ்வப்போது நிழலில் உலர்த்த வேண்டும்.

செவி நலன்

உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபெல். ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 90 டெசிபெல்லில் அது வாரத்துக்கு 4 மணி நேரமே. விசிறி இரைச்சலை மீறிக் கேட்க ஒலியை உயர்த்துபவர், நல்ல கருவியைக் கொண்டே தம் செவியைக் கெடுத்துக்கொள்கிறார். திறந்த வகை காதுக்குப் பாதுகாப்பானது என்னும் பொதுவான நம்பிக்கை அமைதியான இடத்துக்கு மட்டுமே பொருந்தும்.

மதிப்பீடு

தனி அறை, அமைதியான இரவு, நிதானமாக உட்கார்ந்து கேட்கும் பழக்கம் ஆகிய மூன்றும் உள்ளவர்க்குத் திறந்த வகை நிறைவு தரும். வீட்டாரின் அழைப்புக்குச் செவிகொடுத்தபடி பணி செய்பவர்க்கும் ஏற்றது. விடுதி மாணவர்க்கும், நாள்தோறும் பேருந்தில் செல்பவர்க்கும், பாடிப் பதிவு செய்பவர்க்கும் இது வீண் செலவு. ஒரே ஒரு ஹெட்போன் மட்டும் வாங்க இயலும் மாணவர், மூடிய வகையைத் தேர்வதே நன்று.

முடிவு செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. நண்பரிடம் ஒரு திறந்த ஹெட்போனை இரவல் பெற்று, வழக்கமாகக் கேட்கும் அறையில், வழக்கமான நேரத்தில், விசிறியை நிறுத்தி ஒலியளவைச் சரிசெய்ய வேண்டும். பிறகு விசிறியை ஓடவிட வேண்டும். ஒலியை உயர்த்தத் தோன்றினால் அந்த அறைக்குத் திறந்த வகை பொருந்தாது. கையெட்டும் தொலைவில் ஒருவரை அமர்த்தி, அவருக்குப் பாட்டு கேட்கிறதா என்றும் வினவலாம்.