பீ மை ஐஸ்: உதவியும் அந்தரங்கமும்

பீ மை ஐஸ், பார்வையற்றவரின் கைப்பேசிக் கேமரா காண்பதைப் பார்வையுள்ள ஒரு தன்னார்வலருக்கு நேரலையில் காட்டும் இலவசச் செயலி. டென்மார்க்கைச் சேர்ந்த, பார்வைக் குறைபாடு உள்ள ஹான்ஸ் யோர்கன் வீபர்க் தொடங்கிய இது, 2015 ஜனவரியில் ஐபோனுக்கும் 2017இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது.

அழைப்புப் பொத்தானைத் தொட்டால், பயனர் தேர்ந்த மொழி பேசும் ஒருவர் இணைப்பில் வருவார். மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி, சட்டையின் நிறம், வாஷிங் மெஷின் திரையில் தெரியும் எண் போன்றவற்றுக்கு வீட்டில் யாரும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கும் மருத்துவ அறிக்கையையும் முகம் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கேட்கலாம். அந்தரங்கம் என்றால் அந்நியரிடமிருந்து ஒளிப்பது மட்டுமே என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இரு தரப்புக்கும் பெயரோ தொலைபேசி எண்ணோ தெரியாது. ஆனால் கேமரா, கேட்டதை மட்டும் காட்டுவதில்லை. மேசையில் கிடக்கும் கடிதத்தின் முகவரியும் அதில் விழும். அழைப்பைப் பதிவு செய்யவும் சேவை விதிமுறைகள் இடம் தருகின்றன. ஆகவே ஏடிஎம் கார்டு, பின் எண், ஓடிபி ஆகியவற்றை இதில் காட்டக் கூடாது. அச்செழுத்தை வாசிக்க மட்டும் என்றால், மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ செயலியிலுள்ள ‘ஷார்ட் டெக்ஸ்ட்’ வசதி மேல். அது கைப்பேசிக்குள்ளேயே இயங்குகிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்காமலிருக்க, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் வாய்ஸ்ஓவரிலும் டாக்பேக்கிலும் திரையை முழுக்க இருட்டாக்கும் வசதி இருக்கிறது. கூடவே இயர்போனும் வேண்டும். இல்லாவிட்டால் திரை மறைத்ததைக் குரல் வெளியே சொல்லிவிடும்.

2023இல் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ‘பீ மை ஏஐ’ சேர்க்கப்பட்டது. மனிதருக்குப் பதில் கணினியே படத்தை விவரிக்கும். அவ்வாண்டின் நடுவில், அந்தரங்கத்தைக் காரணம் காட்டி, முகங்களை விவரிப்பது நிறுத்தப்பட்டது. எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா என்பது பார்வையுள்ள எவருக்கும் தெரியும். பார்வையற்றவருக்கு மட்டும் அதை மறைத்தது அநீதி. பயனர்கள் எதிர்த்தனர், விவரிப்பு பின்னர் திரும்பியது. 2024இல், தனிப்பட்ட விவரங்களை நீக்கிய காணொலிகளை மைக்ரோசாஃப்டின் ஏஐ பயிற்சிக்குத் தரும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். ஆனால் வேண்டியவர் சேர்ந்துகொள்ளலாம் என்று வைத்திருந்தால்தான் அது உண்மையான சம்மதம். செயலியை நிறுவியதும் அமைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த விலகல் வசதியைத்தான்.

சம்மதம் யாருடையது என்பதில் இந்தியச் சட்டத்துக்கும் பங்குண்டு. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டப்படியான பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளியின் தரவுக்குப் பாதுகாவலரின் ஒப்புதலைக் கேட்கிறது. பாதுகாவலர் இல்லாத வயதுவந்த பார்வையற்றவருக்கு இது பொருந்தாது. அவரது சம்மதமே போதும். அவரிடம் வேறொருவரின் கையெழுத்தைக் கேட்கும்படி இந்தச் சட்டம் எந்தச் செயலிக்கும் சொல்லவில்லை.