பார்த்து முடித்த பிறகு

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு யாரையாவது அழைத்துப் போனால், செப்புத் திருமேனிகளைப் பார்த்து முடித்ததும் என் கால் தானாக நூல் விற்கும் இடத்துக்குத் திரும்பிவிடும். கூட வந்தவர்களுக்கு அது சாப்பாட்டு நேரம். எனக்கு அப்போதுதான் பசியே எடுக்கும்.

முதலில் தேடுவது இங்குள்ள அமராவதிச் சிற்பங்களைப் பற்றி சி. சிவராமமூர்த்தி எழுதிய நூலை. 1942இல் அருங்காட்சியகமே வெளியிட்டது. மறுபதிப்பு கைக்கு அகப்பட்டால் அன்றைக்கு யோகம்தான். மனிதர் எழுதியதோடு விடவில்லை. சிற்பங்களில் இருக்கும் தலைப்பாகை, கொண்டை, நகை என்று ஒவ்வொன்றையும் தனியே பிரித்துக் கோட்டுச் சித்திரமாக அடுக்கியிருக்கிறார். கல்லில் தேய்ந்து மங்கிய ஒரு முடிச்சு, தாளில் நேற்றுக் கட்டியதுபோல இருக்கும். புத்தகமும் கையுமாகத் திரும்பவும் சிற்பத்தின் முன்னால் போய் நின்று சரிபார்த்திருக்கிறேன்.

எந்த ஊர் அருங்காட்சியகக் கடையானாலும் சாவிக்கொத்து, காபிக் கோப்பை வகையறா எனக்கு ஒட்டுவதில்லை. நடராசரைப் பிடித்துக்கொண்டு காபி குடிக்க என்னவோ போலிருக்கும். பட அட்டை வேறு விஷயம். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913இல் எழும்பூர் அருங்காட்சியக நடராசரைப் பற்றி உருகி எழுதியது புகைப்படங்களைப் பார்த்துத்தான். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. அதனால் பட அட்டை வாங்கும்போது மட்டும் நான் கணக்குப் பார்ப்பதில்லை. ஐந்து நண்பர்களுக்கு என்று எடுப்பேன். வீடு வந்து பார்த்தால் மூன்று எனக்கே என்று ஆகியிருக்கும்.