வாய்மொழி வரலாற்று ஆய்வும் தகவலாளரின் இசைவும்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் குன்றில், ஜப்பானியர் 1942ஆம் ஆண்டில் போர்க்கைதிகளைக் கொண்டு தம் போர்வீரர்க்கு நினைவிடம் எழுப்பினர். 1945இல் அது அழிந்தது. ஏறிச்செல்லும் படிக்கட்டு எஞ்சியுள்ளது. அக்காலத்தில் துன்புற்றோரின் பட்டறிவைக் கற்களிலிருந்து அறிய இயலாது; மனிதரிடமே கேட்டறிதல் வேண்டும். 1979இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, ஜப்பானிய ஆட்சிக்கால நினைவுகளையும் பதிவு செய்தது. தமிழ் நேர்காணல்களும் அத்தொகுப்பில் உள்ளன. இத்தகைய பணியைத் தமிழ்த்துறையினர் மேற்கொள்ளுங்கால் எழும் அறக்கடப்பாட்டினை இங்கு ஆராய்வோம்.

1947ஆம் ஆண்டின் நியூரம்பர்க் நெறிமுறையும் 1964ஆம் ஆண்டின் ஹெல்சின்கி அறிக்கையும் மருத்துவ ஆய்வை முன்னிட்டு எழுந்தவை. சிங்கப்பூரின் 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டமும் அத்தகையதே. வாய்மொழி வரலாற்று நேர்காணல் அதன் வரம்பில் அடங்காது. ஆகவே, பல்கலைக்கழக அறநெறிக்குழுவின் படிவத்தில் ஒப்பம் பெற்றவுடன் கடமை முடிந்தது எனக் கருதும் போக்கு நம்மிடையே காணப்படுகின்றது. இக்கருத்து ஏற்புடையதன்று.

முதலாவதாக, நம் சமூகத்தில் கோயில் தலைவரோ உறவினரோ அழைத்துவரும் ஆய்வாளரிடம் முதியவர் ஒருவர் மறுப்புக் கூறுவது எளிதன்று. வீடு தேடி வந்தவரை வெறுங்கையுடன் அனுப்பலாகாது என்னும் பண்பே அவரைப் பேசவைக்கலாம். விருந்தோம்பலை இசைவு எனக் கொள்வது பிழையாகும்.

இரண்டாவதாக, பெயரை மறைத்தல் போதிய காப்பன்று. சயாம் மரண இரயில் பாதைக்குத் தம்மை அனுப்பிய கங்காணியைப் பற்றி ஒருவர் கூறுகின்றார் எனக் கொள்வோம். தோட்டத்தின் பெயரும் ஆண்டும் அச்சேறினால், சிறிய சமூகத்தில் இருவரது குடும்பமும் அடையாளம் காணப்படும். கங்காணியின் பேரப்பிள்ளைகள் இசைவு தந்தவர் அல்லர் என்பதும் கருதத்தக்கது.

எனவே, இசைவினைத் தகவலாளரின் மொழியிலேயே விளக்கிப் பெறுதல் வேண்டும். எழுத்துப்படியை அவருக்குப் படித்துக்காட்டி, நீக்க விரும்பும் பகுதியை நீக்கவும், குறித்த காலம்வரை வெளியிடாதிருக்கக் கோரவும் உரிமை அளித்தல் வேண்டும். இதனால் அரிய சான்றுகள் சில நம் கைக்கு எட்டாமற் போகலாம், அவ்விழப்பு ஏற்கத்தக்கதே.

தாத்தா பாட்டியரிடம் கதை கேட்டு வருமாறு மாணவரைப் பணிக்கும் தமிழாசிரியர்க்கும் இது பொருந்தும். கேள்விகளைக் கற்பிக்கும் முன்னர், சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது என்பதை நாம் கற்பித்தல் வேண்டும்.