குல்லர்வோ: ஒரு கத்தி, ஒரு இசை, ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை

பின்லாந்து பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வருவது ஒரு பட்டியல்தான். சானா, நோக்கியா, பள்ளிக்கூடங்கள், அப்புறம் "பின்லாந்துக்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள்" என்ற ஒரு வரி. எனக்கு இந்தப் பட்டியலில் பெரிய ஆர்வம் இல்லை. ஒரே ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காவியம், ஒரு இசைப்படைப்பு, ஒரு சினிமா என்று போய்ப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் இந்தக் குறிப்பு. மூன்றும் வீட்டில் இருந்தபடியே கிடைக்கக்கூடியவை. பாத்திரத்தின் பெயர் குல்லர்வோ.

முதலில் காவியம். கலேவலாவைத் தொகுத்தவர் எலியாஸ் லொண்ரோத். தொழில்முறையில் மருத்துவர். கரேலியாப் பகுதிகளில் கால்நடையாக அலைந்து பாடகர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டவர். 1835ல் வந்த முதல் பதிப்பில் 32 பாடல்கள், சுமார் 12,000 வரிகள். 1849ல் வந்த விரிவான பதிப்பில் 50 பாடல்கள், 22,795 வரிகள். இன்று கலேவலா என்றால் இந்த இரண்டாவதுதான்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. உதயணன் என்ற பெயரில் எழுதிய ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம் ஹெல்சிங்கியில் வாழ்ந்தபோது செய்தது, 1994ல் வந்தது. சிந்துவெளி எழுத்து ஆய்வால் நமக்குத் தெரிந்த அஸ்கோ பார்ப்பொலாவின் துணையும் அதற்கு இருந்தது. மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே படிக்கலாம். மூல வரிகளில் மோனை நிறைய வரும், சொன்னதையே வேறு சொற்களில் அடுத்த வரியும் சொல்லும். நமக்கு இது அந்நியமான விஷயமே இல்லை.

குல்லர்வோ கதை 31 முதல் 36 வரையான பாடல்களில் வருகிறது. உந்தமோ என்பவன் தன் சகோதரன் கலர்வோவின் குலத்தையே அழிக்கிறான். பிழைத்தவள் ஒரு கர்ப்பிணி. அவளுக்குப் பிறக்கும் பையன்தான் குல்லர்வோ. நீரில் விட்டும், தீயில் போட்டும், மரத்தில் தூக்கிலிட்டும் பார்க்கிறார்கள், சாகவில்லை. எந்த வேலை கொடுத்தாலும் அழிவில் முடிகிறது. கடைசியில் கொல்லன் இல்மரினனுக்கு விற்றுவிடுகிறார்கள். கொல்லனின் மனைவி, மாடு மேய்க்கப் போகும் பையனின் ரொட்டிக்குள் கல்லை வைத்துச் சுட்டுக் கொடுக்கிறாள். அதை வெட்டும்போது, அவன் அப்பாவின் நினைவாக வைத்திருந்த ஒரே பொருளான கத்தி உடைகிறது. அங்கிருந்து பழிவாங்கல் ஆரம்பம்.

இங்கே ஒரு விசித்திரம். முதலில் குலமே அழிந்தது என்கிறது பாடல். 34ஆம் பாடலில் பார்த்தால் அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்கள்! மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று உடனே புரியும். தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு கிளைகளை ஒன்றாக இணைக்கும்போது வரும் முரண். நடந்ததும் அதுதான். அனாதைப் பையன், போருக்குக் கிளம்பும் வீரன், தெரியாமல் தங்கையோடு சேர்ந்துவிடும் அண்ணன் என நாட்டுப்பாடல்களில் இவர்கள் வேறு வேறு ஆட்கள். 1835 பதிப்பில் குல்லர்வோவுக்குச் சின்ன இடம்தான். 1849ல்தான் லொண்ரோத் எல்லாவற்றையும் ஒரே ஆளின் வாழ்க்கையாகத் தைத்தார். தங்கை ஆற்றில் விழுந்து சாக, பழிதீர்த்துத் திரும்பும் வீட்டில் ஒரு கறுப்பு நாய் மட்டும் மிச்சம் இருக்க, காட்டில் தன் வாளிலேயே விழுந்து முடிகிறான் குல்லர்வோ.

"அப்படியென்றால் இது போலியா?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தையல் தெரிகிறது, உண்மை. ஆனால் அந்தத் தையலால்தான் மூன்று தனித்தனித் துயரங்களுக்கு ஒரு முகம் கிடைத்தது. என் சண்டை வேறு இடத்தில்.

36ஆம் பாடலின் முடிவில், சாவுச் செய்தி கேட்ட கிழவன் வைனாமொய்னன் ஒரு அறிவுரை சொல்கிறான். குழந்தையை மோசமாக வளர்க்காதீர்கள், அப்படி வளர்ந்தவனுக்கு வயதானாலும் புத்தி வராது என்பது அதன் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை இதுவரை காட்டியது இதையா? ஒரு குலத்தை அழித்த உந்தமோவைப் பற்றி அறிவுரையில் பேச்சே இல்லை. ஒரு கொலைபாதகம் "வளர்ப்பு சரியில்லை" என்று சுருங்கிவிடுகிறது. அதோடு, அப்பாவின் கத்தி உடைந்ததற்காக அழும் பையனைப் புத்தி வராத ஜென்மம் என்று சொல்ல முடியுமா? நினைவும் பாசமும் அவனிடம் இருந்தன என்பதற்குப் பாடலே சாட்சி. மருத்துவர் கடைசியில் ஒரு மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கதை அந்தச் சீட்டைவிடப் பெரியது.

இதைச் சரியாகப் படித்தவர் ழான் சிபெலியஸ். அவருடைய 'குல்லர்வோ' 1892 ஏப்ரலில் ஹெல்சிங்கியில் அரங்கேறியபோது அவருக்கு வயது 26. ஐந்து பகுதிகள், ஒன்றேகால் மணி நேரம் போல ஓடும். மூன்றாவது பகுதியில் ஆண்கள் குழு ஐந்து தட்டுக் கணக்கில், உணர்ச்சியே காட்டாமல் கதை சொல்கிறது. அண்ணனும் தங்கையும் சேரும் அந்த இடத்தில் குழு வாயை மூடிக்கொள்கிறது, வாத்தியங்கள் மட்டும்தான். ஐந்தாவது பகுதி சாவு. அதோடு முடிந்தது. வைனாமொய்னனின் அறிவுரைக்கு இங்கே இடமே இல்லை. 1893க்குப் பிறகு தன் வாழ்நாளில் இதை முழுமையாக வாசிக்க அவர் விடவில்லை. 1957ல் அவர் இறந்த பிறகுதான் மறுபடி முழுசாகக் கேட்டார்கள்.

மூன்றாவது, ஆகி கௌரிஸ்மாகியின் 'தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்' (1990). இதில் குல்லர்வோ என்ற பெயர் கிடையாது, இந்த இணைப்பு முழுக்க என் வாசிப்பு. ஐரிஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், சம்பளத்தை அம்மாவிடமும் அம்மாவின் துணைவரிடமும் கொடுக்கிறாள். ஒரு சிவப்பு உடை வாங்கியதற்கு அறை விழுகிறது. நடன அரங்கில் கடலுக்கு அப்பால் இருக்கும் கனவு தேசத்தைப் பற்றிய 'சாத்துமா' டாங்கோ ஒலிக்கிறது, அவளை ஆட அழைக்க யாரும் இல்லை. பிறகு ஒருவன் வருகிறான், ஏமாற்றுகிறான். கடைசியில் எலி மருந்து. அடுத்தவர் ரொட்டியில் கல் வைத்த கதையை அடுத்து இந்தக் கோப்பையைப் பார்த்தால் சொந்தம் தெரியும்.

படம் நெடுநேரம் வசனமே இல்லாமல் ஓடுகிறது. இதைத்தான் "பின்லாந்து மௌனம்" என்று விமர்சனங்களில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டில் டிவி பேசிக்கொண்டே இருக்கிறது, தொழிற்சாலையில் இயந்திரம் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஐரிஸிடம் எவரும் எதையும் கேட்பதில்லை, அதனால் அவள் பேசுவதில்லை. தேசத்தின் குணம் என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். வைனாமொய்னன் செய்ததும் இதேதான்.

படத்தில் ஒரு குறையும் உண்டு. மது அருந்தும் இடத்தில் பேச்சுக் கொடுக்கும் முன்பின் தெரியாத ஆளுக்கும் ஐரிஸ் அந்த மருந்தைக் கலக்கிறாள். அவன் செய்த பாவம் என்ன? படம் அதை ஒரு கறுப்பு நகைச்சுவையாகக் கடந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவரின் கோபம் ஆள் பார்த்து இறங்காது என்று சமாதானம் சொல்லலாம். குல்லர்வோவும் தன்னிடம் விடப்பட்ட கைக்குழந்தையைக் கொன்றவன்தான். ஆனால் காவியம் அங்கே நம்மைச் சிரிக்க விடவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு: முதலில் சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 31 முதல் 36 வரை மட்டும் படியுங்கள், ஒரு மாலை போதும். அடுத்து சிபெலியஸின் மூன்றாவது பகுதி, ஹெட்போன் போட்டு. படத்தைக் கடைசியில் வையுங்கள், எழுபது நிமிடம்கூட வராது. பிறகு 36ஆம் பாடலின் அந்த அறிவுரையை மறுபடி படித்துவிட்டு, லொண்ரோத் சொன்னது போதுமானதா என்று நீங்களே சொல்லுங்கள்.